ஊதா பாட்டில்

ஜெயப்பிரியாவுக்கு வந்த கோபம் லேசில் ஆறுகிற ரகம் இல்லை. சம்பவம் நடந்தது போன ஞாயிறு. இந்த ஞாயிறு காலையில் பிரிண்டரைத் தூக்கிவந்து பின்பக்கத் துவைகல்மேல் பழைய பேப்பர் விரித்து வைத்தபோதும் அவள் வாய் முணுமுணுத்துக்கொண்டேதான் இருந்தது. மருந்துக்கடையில் வாங்கிய சிரிஞ்சின் ஊசியைக் கழற்றிப் போட்டாள். ஒரு சாண் ரப்பர் குழாயை அதன் மூக்கில் மாட்டினாள். முதல் தொட்டியின் மூடியைத் திறந்து குழாயை உள்ளே விட்டு இழுத்தாள். நீல மை இருந்திருக்க வேண்டிய தொட்டியிலிருந்து கருஞ்சிவப்பாக ஏறியது ரோஸ் மை.

"கண்ணை எங்க வச்சிருந்தாங்களோ" என்றாள், பிரிண்டரிடம்.

பிரிண்டரில் நாலு தொட்டி. நீலம், ரோஸ், மஞ்சள், கறுப்பு. ஒன்றில் ஒன்று கலந்துவிட்டால் தொட்டியை மட்டும் கழுவினால் போதாது. தொட்டியிலிருந்து அச்சடிக்கிற தலைவரைக்கும் தலைமுடி மாதிரி மெல்லிசாக ஒரு குழாய் ஓடுகிறது. அதற்குள் இருப்பதையும் உறிஞ்சி எடுத்து, அலசி, புது மையை ஊற்றி, அது தலைக்கு வந்து சேரும்வரைக்கும் சுத்தம் செய், சுத்தம் செய் என்று மெஷினை ஓடவிட வேண்டும். ஏதோ ஒரு வீடியோவில் ஒருத்தர் இந்தியில் சிரித்துச் சிரித்து இதையெல்லாம் செய்து காட்டியிருந்தார். அவருக்கென்ன, சிரிப்பார்.

ஜெயப்பிரியாவுக்கு அம்பாசமுத்திரம் பக்கம். கணவன் ராஜசேகரனுக்கும் அங்கேதான். ஆவடி ஃபேக்டரியில் அவனுக்கு வேலை கிடைத்ததால் குவார்ட்டர்ஸில் குடித்தனம் ஆரம்பித்து, பிறகு லோன் போட்டு பாரிவாக்கத்தில் இந்த வீட்டைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். குவார்ட்டர்ஸில் இருந்தவரைக்கும் சுற்றிலும் திருநெல்வேலி, நாகர்கோவில், மதுரை. வெளியூர்க்காரி என்று நினைக்கவே வாய்ப்பில்லை. பாரிவாக்கம் வந்தபிறகு அந்த நினைப்பு வராமல் பார்த்துக்கொண்டது பக்கத்து வீட்டு வேம்புலியம்மாள்.

வேம்புலியம்மாள் அந்த ஊர்க்காரி. மாமனார் வழியில் வந்த நிலம் மனையானது போக, மெயின் ரோட்டில் வரிசையாகக் கடை கட்டி வாடகைக்கு விட்டிருந்தாள். ஐம்பத்தைந்து வயசு, புருஷன் இல்லை, மகன் தினகரன் செம்பரம்பாக்கத்து குடோனில் சூப்பர்வைசர், மகள் சுரேகாவுக்குத் திருவேற்காட்டில் மாப்பிள்ளை முடிவாகியிருந்தது. அந்த அம்மாள் ஒரு பழைய ஸ்கூட்டி வைத்திருந்தாள். கோயிலுக்கு, சீட்டுக்கு, பூந்தமல்லி மார்க்கெட்டுக்கு எல்லாம் அதில்தான். தெருவில் யாராவது நடந்து போவதைப் பார்த்துவிட்டால் "இன்னாமே, கால் வலிக்கல? ஏறு" என்று நிறுத்துவாள். ஜெயப்பிரியா அதில் ஏறாத வாரம் கிடையாது.

வீட்டோடு இருக்கிறோமே என்று ஜெயப்பிரியா ஆரம்பித்ததுதான் இந்த ஸ்டிக்கர் தொழில். தாம்பூலப் பையில் ஒட்டுவது, பிறந்தநாள் சாக்லேட்டில் ஒட்டுவது, வளைகாப்பு, காதுகுத்து, பெயர் வைக்கிற விழா. பெயரும் படமும் போட்டு வீட்டிலேயே அடித்து, வெட்டி, கட்டிக் கொடுத்துவிடுவாள். போன ஞாயிறு அடித்துக்கொண்டிருந்தது வானகரத்து மண்டபத்தில் நடக்கிற பெயர் வைக்கும் விழாவுக்கு. குழந்தைக் கண்ணன், கையில் வெண்ணெய், பின்னால் மயில். பாதியில் ஸ்டிக்கர் தாள் போதாது என்று தெரிந்தது. பூந்தமல்லிக்குப் போய் வாங்கிவர வேண்டும். ராஜசேகரன் டியூட்டிக்குப் போயிருந்தான்.

"அக்கா, கொஞ்சம் இந்த மெஷின்கிட்ட உட்காருவீங்களா? தாள் தீர்ந்தா இந்தக் கட்டை எடுத்து வச்சாப் போதும்."

"போய்க்கினு வா. நான் கீறேன்" என்று வந்து உட்கார்ந்துகொண்டாள் வேம்புலியம்மாள்.

ஜெயப்பிரியாவின் பஸ் கரையான்சாவடியில் மாட்டிக்கொண்டு நின்றபோது போன் வந்தது.

"மே, உன் மிஷின் நின்னுபூட்ச்சு. லைட்டு மினுக்கு மினுக்குனு எரியுது."

"என்ன லைட்டுக்கா? மை தீர்ந்திருக்கும். ஓரமா இருக்கே, அந்தத் தொட்டிங்கள்ல முதல் தொட்டியைப் பாருங்க."

"அது காலி. ஒண்ணியும் இல்ல."

ஜெயப்பிரியா ஒரு நொடி யோசித்தாள். அந்த மைக்குப் பாட்டிலில் போட்டிருக்கிற பெயர் சயான். அதைச் சொன்னால் அக்காவுக்கு என்ன விளங்கும்? சுலபமாகச் சொல்லிவிடலாம் என்று, குழந்தைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். "அலமாரியில நாலு பாட்டில் இருக்குக்கா. அதுல ஊதா பாட்டில எடுத்து அந்தக் காலித் தொட்டியில ஊத்திட்டு, உருண்டையா ஒரு பட்டன் இருக்கும், அதை அமுக்கிடுங்க."

"ஊதாவா?"

"ஆமா. ஊதா."

கொஞ்ச நேரம் பாட்டில்கள் உரசுகிற சத்தம். "இதோ கீது. ஊதாதானேமே? ஊத்தினப்பறம் தப்புன்னு சொல்லப்போற."

பின்னால் ஒருத்தர் தோளில் பையால் இடித்துக்கொண்டிருந்தார். கண்டக்டர் சில்லறை கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார். "ஐயோ, ஊதாதான்க்கா! ஊத்துங்க!" என்று ஜெயப்பிரியாவும் கத்திவிட்டு போனை வைத்தாள்.

திரும்பி வந்தபோது வேம்புலியம்மாள் இல்லை. திருவேற்காட்டிலிருந்து சம்பந்தி வீட்டுக்காரர்கள் திடீரென்று வந்துவிட்டார்கள் என்று தன் வீட்டுக்குப் போயிருந்தாள். ஆனால் வேலையை முடித்துவிட்டுத்தான் போயிருந்தாள். அடித்த தாளெல்லாம் ஒழுங்காக அடுக்கி, மேலே காற்றில் பறக்காமல் கத்தரிக்கோல் வைத்திருந்தது. ஜெயப்பிரியா கத்தரிக்கோலை எடுத்தாள். தாள்களைப் புரட்டினாள்.

அடியில் இருந்த தாள்களில் கண்ணன் கண்ணனாகத்தான் இருந்தான். குழாயில் மிச்சமிருந்த நீலம் தீரத் தீர, மேலே மேலே போன தாள்களில் அவன் நிறம் மாறிக்கொண்டே போய், கடைசியில் பஞ்சுமிட்டாய் ரோஸில் வெண்ணெய் தின்றுகொண்டிருந்தான். மயில் மிளகாய்ப்பழ நிறத்துக்கு வந்திருந்தது. சாயங்காலம் விழா. தாளும் போச்சு, பிரிண்டரும் போச்சு.

அந்த ஆத்திரத்தில் மனுஷிக்குக் கண்மண் தெரியாது. ரோஸ் மை பாட்டிலையும் ஒரு ரோஸ் கண்ணனையும் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டு வாசலுக்குப் போனாள். வாசலில் நாற்காலி போட்டு சம்பந்தியம்மாளும் அவள் தங்கையும் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். வேம்புலியம்மாள் தட்டில் மிக்ஸரோடு நின்றுகொண்டிருந்தாள். தினகரனும் இருந்தான்.

"என்னக்கா இது? ஊதாவுக்கும் ரோஸுக்கும் வித்தியாசம் தெரியாதா உங்களுக்கு?"

வேம்புலியம்மாள் தாளைப் பார்த்தாள். "நீ சொன்ன மாரி ஊதாதானேமே ஊத்தினேன்…"

"இதைத்தானே ஊத்தினீங்க?" பாட்டிலை அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இது ஊதாவா? இது ரோஸு! கண்ணு தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லியிருக்கணும். நான் வேற யாரையாவது பார்த்திருப்பேன்ல? ஆபரேஷன் பண்ணின கண்ணுன்னு தெரிஞ்சும் உங்ககிட்ட விட்டேன் பாருங்க, என்னைச் சொல்லணும்."

வேம்புலியம்மாளுக்குப் போன வருஷம்தான் வலது கண்ணில் புரை எடுத்திருந்தார்கள். அவள் பாட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள், மறு கண்ணை மூடிப் பார்த்தாள். சம்பந்தியம்மாள் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "கண்ணுல ஏதாச்சும் கோளாறாங்க?" என்று மெதுவாகக் கேட்டாள். ஜெயப்பிரியா அதையெல்லாம் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. எவன் கடையிலாவது அடித்து வாங்க வேண்டுமே என்று ஓடிவிட்டாள். வெளியில் அடித்து, விழாவுக்கு நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள் என்பது வேறு விஷயம்.

இப்போது சிரிஞ்சை அழுத்தி ரோஸ் மையைப் பழைய ஜாம் பாட்டிலில் விட்டுக்கொண்டிருக்கும்போது, மதில் சுவருக்கு அந்தப்பக்கம் தினகரன் தலை தெரிந்தது.

"இன்னாக்கா, ரிப்பேரா?"

"உங்கம்மா புண்ணியத்துல" என்றாள் ஜெயப்பிரியா.

தினகரன் தலையைச் சொறிந்தான். "கோச்சிக்காதீங்கக்கா. ஆனா ஒண்ணு, நீங்க சொன்னதுலதான் எங்களுக்கே தெரிஞ்சுது. அம்மாவையே கேட்டேன். எனக்கு அது ஊதாவாத்தான் தெரிஞ்சுது, இப்பவும் அப்டித்தான் தெரியுதுன்றாங்க. கலரே மாறித் தெரியுதுன்னா எம்மாம் டேஞ்சர்! சிக்னல்ல செவப்பு பச்சையாத் தெரிஞ்சா? அதான் வண்டிச் சாவியப் புடுங்கி நான் வச்சிக்கினேன்."

ஜெயப்பிரியாவுக்கு உள்ளே எங்கேயோ சுருக்கென்றது. ஆனால் கை முழுக்க ரோஸ் மை. நகக்கண்ணில் எல்லாம் ஏறி, எத்தனை சோப்பு போட்டாலும் போகாது என்று நிற்கிற மை. "சரியாத்தான் செஞ்சிருக்கீங்க தம்பி" என்றாள். "ரோட்டுல ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? நல்ல டாக்டராப் பார்த்துக் காட்டுங்க."

அவன் தலையாட்டிவிட்டுப் போனான். கொஞ்ச நேரத்தில் தெருவில் வேம்புலியம்மாள் போவது தெரிந்தது. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, கையில் கூடையோடு, ஓரமாக நடந்து போனாள். நடந்து பழக்கமில்லாத நடை. ஜெயப்பிரியா வீட்டுப் பக்கம் திரும்பவில்லை.

நல்லதுக்குத்தானே என்று ஜெயப்பிரியா சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டு மறுபடி குழாயை அலசினாள். வீட்டில் இருந்த நீல மையை ஊற்றி ஊற்றி அலசியதில் அந்தப் பாட்டிலும் தீர்ந்துபோனது. குழாயில் இன்னும் கத்திரிப்பூ நிறத்தில் என்னமோ நெளிந்துகொண்டிருந்தது. இன்னொரு பாட்டில் வேண்டும்.

பூந்தமல்லியில் அவள் வழக்கமாக வாங்குகிற கடை ஜமீலாவுடையது. செல்போன் கவர், சார்ஜர், பிரிண்டர் மை, ஸ்டிக்கர் தாள் என்று ஓர் ஆள் நிற்கிற இடத்தில் ஊரையே அடைத்து வைத்திருப்பாள். வெளியே மெட்ரோ தூணுக்குக் கீழே ஆட்டோக்கள் முட்டிக்கொண்டு நின்றன. எப்போதும் நாலு பாட்டிலும் சேர்ந்த செட்டாக வாங்குகிறவள், அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒற்றைப் பாட்டில் கேட்டாள்.

"ஊதா மட்டும் ஒண்ணு குடுங்க."

ஜமீலா அலமாரிப் பக்கம் திரும்பி, மறுபடி இந்தப் பக்கம் திரும்பினாள். "ஊதாவா? உங்க மிஷினுக்கு ஊதா கெடையாதேக்கா."

"என்ன, கிடையாதா? முதல் தொட்டி ஊதாதானே?"

"ரோஸ் சொல்றீங்களா? பாட்டில்ல பாக்க ஊதா மாரிதான் கீது" என்று ஜமீலா ஒரு பாட்டிலை எடுத்துக் கண்ணாடிமேல் வைத்தாள். வெளிச்சத்தில் அந்த மை கத்திரிக்காய்த் தோல் மாதிரி மின்னியது. "இதா?"

போன ஞாயிறு வேம்புலியம்மாளின் முகத்துக்கு நேரே நீட்டியது இதே பாட்டில்தான்.

"இது ரோஸுங்க. நான் கேக்கறது ஊதா. வானம் இருக்குல்ல, அந்தக் கலர்."

ஜமீலா சிரித்துவிட்டாள். "ப்ளூன்னு சொல்லுங்கக்கா! ஊதான்னா கத்திரிப்பூ கலர்ல? எங்க ஊட்ல மட்டுமில்ல, இங்க யாரைக் கேட்டாலும் அதான் சொல்வாங்க. நீங்க எந்த ஊரு?"

ஜெயப்பிரியா எந்த ஊர் என்று சொல்லவில்லை. நீல பாட்டிலை வாங்கினாளா, மிச்சச் சில்லறையை வாங்கினாளா என்றெல்லாம் அவளுக்கு நினைவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்தபிறகுதான் நடந்தது பிடிபட்டது. இத்தனை வருஷமாக இந்த ஊரில் இருக்கிறாள். ஒரு தடவைகூடவா அந்த வார்த்தை வெளியே வரவில்லை? வந்திருக்காது. புடவைக்கடையில் ப்ளூ என்பாள். பெயிண்ட் கடையில் ப்ளூ என்பாள். ஊதா என்கிற வார்த்தை வீட்டுக்குள், ராஜசேகரனிடம் பேசும்போது மட்டும் வரும். அவனுக்கும் அது நீலம்தான்.

"ஊதாதானேமே? ஊத்தினப்பறம் தப்புன்னு சொல்லப்போற" என்று அந்த அம்மாள் கேட்டது திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது. ஒருமுறைக்கு இருமுறை கேட்டுக்கொண்டுதான் ஊற்றியிருக்கிறாள். நாலு பாட்டிலில் எது ஊதாவோ அதைச் சரியாக எடுத்திருக்கிறாள். சம்பந்திக்கு முன்னால் வைத்துக் கண் தெரியாதவள் என்று பட்டம் கட்டியதோடு விட்டாளா ஜெயப்பிரியா? இன்று காலையில் சுவரோரம் நின்று வண்டியையும் பிடுங்கச் சொல்லி எண்ணெய் ஊற்றிவிட்டு வந்திருக்கிறாள். அவளுக்குக் கூசியது. முன்சீட்டுக் கம்பியைப் பிடித்திருந்த தன் கையைப் பார்த்தாள். விரலெல்லாம் ரோஸ். கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் ராஜசேகரனிடம் சொன்னாள். அவன் முதலில் நம்பவில்லை, பிறகு விழுந்து விழுந்து சிரித்தான்.

"சிரிக்காதீங்க. அந்தம்மா மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

"இதுல என்ன இருக்கு? போய் இப்படின்னு சொல்லிட்டு வந்துரு. அந்தம்மா சிரிச்சிட்டுப் போயிரும்."

"போறேன்."

போகவில்லை. முதலில் பிரிண்டரை முடித்துவிடலாம் என்றாள். நீல மையை ஊற்றினாள், மெஷினைச் சுத்தம் செய்ய விட்டாள். அது கரகரவென்று இழுத்துக் குடித்தது. மாதிரித் தாள் அடித்தாள். கோடுகள் நீலமாக, பிசிறில்லாமல் வந்தன. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போய்ச் சொல்லலாம் என்று வாசல்வரை போனாள். அங்கே தினகரனின் நண்பர்கள் நிற்பது தெரிந்தது. திரும்பிவிட்டாள். திங்கட்கிழமை சேமியா பாயசம் வைத்து டம்ளரில் ஊற்றி மூடினாள். பாயசத்தைக் கொடுத்துவிட்டு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் தானே குடித்துவிட்டாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பதெல்லாம் கேள்விப்பட்டதுதான். இது குறுகுறுக்கவில்லை, உட்காரவே விடவில்லை. ஸ்கூட்டி சத்தம் கேட்கும்போதெல்லாம் ஓடிப்போய்ப் பார்த்தாள். அதில் தினகரன்தான் போனான், தினகரன்தான் வந்தான்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மொட்டைமாடியில் துணி எடுக்கப் போனாள். பக்கத்து மாடியில் வேம்புலியம்மாள் உட்கார்ந்திருந்தாள். துணி கிளிப் இருக்கிற வாளியைத் தரையில் கொட்டி, ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துப் பார்த்து, நிறம் நிறமாகத் தனித்தனிக் குவியலாக்கிக்கொண்டிருந்தாள். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி உதடு அசைந்தது. ஜெயப்பிரியா சத்தமில்லாமல் கீழே இறங்கப் பார்த்தாள்.

"பிரியா."

அந்த வாசலில் நடந்ததற்குப் பிறகு வேம்புலியம்மாள் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை. ஜெயப்பிரியா கைப்பிடிச் சுவரருகே போய் நின்றாள். இரண்டு மாடிக்கும் நடுவே கை நீட்டினால் தொடுகிற தூரம்தான்.

"உனக்கு எம்மேல கோவம் கீதுன்னு தெரியும். ஆனா இத நான் வேற யாரையும் கேக்க முடியாது. தினா கேட்டா பயப்படறான். சுரேகா என்னா கேட்டாலும் ‘சரியாத்தாம்மா சொல்றே’ன்னு சமாதானம் பண்றா. நீ மூஞ்சிக்கு நேரா சொல்றவ." கொடியில் கிடந்த ஒரு பட்டுப்புடவையை இழுத்துச் சுவர்மேல் போட்டாள். சுரேகாவின் கல்யாணத்துக்கு எடுத்திருந்த புடவைகளில் ஒன்று, காற்றாட உலர்த்தியிருந்தாள். "இது இன்னா கலர்? உண்மைய சொல்லு. எனக்கு ஊதாவாத் தெரியுது."

கத்திரிப்பூ நிறம். அச்சு அசலான கத்திரிப்பூ நிறம்.

ஜெயப்பிரியா புடவையின் ஓரத்தைத் தொட்டாள். "ஊதாதான்க்கா" என்றாள்.

"பொய் சொல்லாத."

"பொய் இல்லக்கா. இது ஊதா. நீங்க அன்னிக்கு ஊத்தினதும் ஊதாதான். உங்க கண்ணுல ஒண்ணுமே இல்ல." அதற்குமேல் நிற்காமல் வந்துவிட்டது. "எங்க ஊர்ப்பக்கம் ப்ளூவைத்தான்க்கா ஊதான்னு சொல்வோம். நான் ப்ளூ ஊத்தச் சொல்லித்தான் ஊதான்னு சொன்னேன். நீங்க ஊதாவா ஊதாவான்னு கேட்டுக் கேட்டு, சரியான ஊதாவை எடுத்து ஊத்தினீங்க. தப்பு பூரா என் வாயிலதான். ஞாயித்துக்கிழமையே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. சொல்ல வர முடியல. வெக்கமா இருந்துது. அத்தனை பேர் முன்னாடி உங்களை… என்னை ரெண்டு அடி அடிச்சிருங்கக்கா."

வேம்புலியம்மாள் புடவையைப் பார்த்தாள். வானத்தைப் பார்த்தாள். தரையில் கிடந்த கிளிப்புக் குவியல்களைப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளோ என்று ஜெயப்பிரியா பயந்தாள். இல்லை, பெருமூச்சு. ரொம்ப நாளாக அடக்கிவைத்த மூச்சு.

"அப்போ கண்ணு நல்லாத்தான் கீதா?"

"நல்லாத்தான் இருக்குக்கா."

"ரெண்டும்?"

"ரெண்டும்."

"தோ பாரு, ராத்திரில்லாம் தூங்கலமே நானு. இனிமே பொறக்கப்போற பேரப்புள்ள மூஞ்சிகூட கலர் மாறித்தான் தெரியும் போலன்னு படுத்துகினு கெடந்தேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. "ஊதான்னா ப்ளூவாம். நல்லா கீதும்மே உங்க ஊரு."

ஜெயப்பிரியாவுக்கு உயிர் வந்தது. மன்னித்துவிட்டாள், அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தாள். சுவர்மேல் இருந்த வேம்புலியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆனா ஒண்ணு கேக்கறேன்" என்றாள் வேம்புலியம்மாள், அந்தச் சிரிப்பு மாறாமலே. "ப்ளூன்னு சொல்லியிருந்தா அப்பவே முட்ஞ்சிருக்குமே. நாலு பாட்டில்ல ப்ளூவும் கூடத்தானே கீது. ஏன் நீ ப்ளூன்னு சொல்லல?"

இந்தக் கேள்வியை ஜெயப்பிரியா தன்னிடமே கேட்டுக்கொண்டதில்லை. பஸ்ஸில் வந்தபோதும், பாயசம் வைத்தபோதும், இந்த இடத்துக்குப் பக்கத்தில் வந்ததும் மனசு தானாகவே வேறு பக்கம் போய்விட்டிருந்தது. ஏதாவது சொல்லி மழுப்பலாம். பஸ்ஸில் கூட்டம், அவசரம், வாயில் வந்துவிட்டது என்று சொல்லலாம். பொய் சொல்லாத என்று இப்போதுதான் சொல்லியிருந்தாள் இந்த அம்மாள்.

"இங்கிலீஷ்ல சொன்னா… உங்களுக்குப் புரியாதுன்னு நினைச்சேன்க்கா."

வேம்புலியம்மாள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்தக் கை சும்மா கிடந்தது.

"ப்ளூகூடவா?" என்றாள்.

ஜெயப்பிரியா தலையைக் குனிந்துகொண்டாள்.

"தெனிக்கும் உன் ஊட்டாண்ட வந்து, ப்ளூ வாளி குடு, ப்ளூ கிளிப்பு நாலு குடுன்னு நாந்தானே கேக்கறேன். அத நீ கேக்கலியா?" அதில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்வதற்காகக் கேட்பது போலத்தான் கேட்டாள். ஜெயப்பிரியா அந்தக் குரலைத் தினமும் கேட்டிருக்கிறாள். கேட்டும் கேட்டதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கீழே ஸ்கூட்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டது. தினகரன் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டான். வேம்புலியம்மாள் புடவையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள். குரலைத் தாழ்த்தினாள்.

"அவனாண்ட, வார்த்தை மாறிப்பூட்ச்சுன்னு மட்டும் சொல்லு. எனக்குப் புரியாதுன்னு நெனச்சத சொல்லாத. கண்ணு பூட்ச்சுன்னு அவன் நெனச்சான், அது பரவால்ல, வயசானா வர்றதுதான். இது அவனுக்குத் தெரிய வாணாம்."

"அக்கா, நான் எல்லாத்தையும் சொல்லி மன்னிப்பு…"

"வாணாம்னு சொல்றேன்ல."

இருவரும் கீழே இறங்கி வாசலுக்கு வந்தார்கள். ஜெயப்பிரியா தினகரனிடம் சொன்னாள். சொல்லச் சொன்னதை மட்டும் சொன்னாள். ஊதா என்றால் அம்பாசமுத்திரத்தில் நீலம், பாரிவாக்கத்தில் கத்திரிப்பூ நிறம், அவ்வளவுதான் நடந்தது. தினகரன் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாயைப் பிளந்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தவன் நிறுத்தவில்லை. "ஒரு வார்த்தைக்காக்கா இவ்ளோ அக்கப்போரு? டாக்டர்கிட்ட நாளைக்கு வர்றோம்னு வேற சொல்லி வச்சிகீறேன்! அம்மா, நீயாவது கேட்டிருக்கலாம்ல?"

"எனக்கின்னாடா தெரியும், அவங்க ஊர்ல அப்டின்னு" என்று வேம்புலியம்மாள் தொடையில் தட்டிச் சிரித்தாள். "ஊதாவாம்! ப்ளூவாம்! சுரேகா, இங்க வந்து கேளு இந்தக் கூத்த! திருவேற்காட்டுக்கு ஒரு போனப் போட்டு சம்பந்தியாண்டயும் சொல்லு!" கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். மகனிடம் கையை நீட்டினாள். அவன் ஸ்கூட்டி சாவியை அதில் வைத்தான்.

தினகரன் தன்னைப் பார்க்கிறானே என்று ஜெயப்பிரியாவும் சிரித்தாள். கன்னம் வலிக்கச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு முடிகிறவரைக்கும் வேம்புலியம்மாள் மகனைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், தெருவில் போன பால்காரரைக்கூடக் கூப்பிட்டுச் சொன்னாள். ஜெயப்பிரியா பக்கம் மட்டும் திரும்பவில்லை.